ஆள் கணக்கில் ஒரு தொப்பி

என் விசிலைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். ஒருமுறை நான் அடித்த ஒற்றை விசிலுக்கு வானத்தில் போய்க்கொண்டிருந்த விமானமே நின்றுவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். கொஞ்சம் வேகம் குறைத்தது, அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். கையில் விசில் இல்லாவிட்டால் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாலும் போதும். இதைவிடச் சுருக்கமான மொழியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நான் இதைப் பேசியிருக்கிறேன். பேரனின் பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே போனார். ஒரு விசில் கொடுத்தேன். நின்றார். அரங்கமே கை தட்டியது. என் வீட்டுக்காரி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் செக்கர். பஸ்ஸில் திடீரென்று ஏறி எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்டக்டர் பைக்குள்ளும் கைவிடுவாரே, அந்த அதிகாரி. இவளும் அதே ஜாடைதான். எங்கே ஏறினாள் என்று தெரியாது. ஏறிவிட்டால் தப்பிக்க முடியாது.

ஒரு நாள் எங்கள் மகள் கேட்டாள். "அப்பா, நீயும் அம்மாவும் சேர்ந்து எங்கயாவது போயிருக்கீங்களா?"

"தெனமும் உங்கம்மாவை மார்க்கெட் ஸ்டாப்புல ஏத்தி எறக்கியிருக்கேனே!"

அது கணக்கில் சேராதாம். தீவில் இருக்கும் ஒரு பழைய துறைமுக ஊருக்கு எங்கள் இருவரையும் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று காலையில் செக்கர் என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்னத்த?"

"விசிலு."

"விசிலா? அதெல்லாம் ரிட்டயர் ஆன அன்னிக்கே..."

"கழுத்துல ஒண்ணு. சட்டைப் பையில ஒண்ணு. ஷூவுக்குள்ள ஒண்ணு."

"ஷூவுல இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நடக்கறப்ப கேக்குதுல்ல. இடது கால் வச்சா வாசல்ல போற ஆட்டோ நிக்குது."

மூன்றையும் வாங்கிக்கொண்டாள். இரண்டை அலமாரியில் பூட்டினாள். ஒன்றைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, வீட்டில் வைத்தால் நான் பின்வாசல் வழியாக வந்து எடுத்துக்கொள்வேனாம். அப்புறம் உட்கார்ந்து விதிமுறைகளைச் சொன்னாள்.

"இதோ பாருங்க. இந்த டூர்ல நீங்க என் புருஷனா வரணும். கண்டக்டரா வரக் கூடாது. ஒழுங்கா வந்தா, வருஷத்துக்கு ஒரு ஊரு, நீங்களும் நானும் போவோம். உள்ள இருக்கற கண்டக்டர் ஒரே ஒரு தடவை வெளிய எட்டிப் பாத்தாலும், அடுத்த வருஷத்துலேர்ந்து நான் என் தங்கச்சியோட போயிடுவேன்."

அவள் தங்கை இதை நம்பி ஏற்கெனவே சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி, தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தி வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதில் நான் சிரிக்கிற மாதிரி எழுதினாலும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி எவ்வளவோ காலம். அவள் என் பஸ்ஸில் ஏறாத வாரம் கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்து போனதில்லை. கண்டக்டருக்குப் படிக்கட்டு உண்டு, கம்பி உண்டு, பக்கத்து சீட் கிடையாது. அன்று ரயிலில்தான் முதல்முறையாக அவள் ஜன்னலோரத்திலும் நான் அவள் பக்கத்திலும் உட்கார்ந்து போனோம். ஜன்னலோரம் கிடைத்தால் அவள் காற்றுக்குக் கண்ணை மூடிக்கொள்வாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதனால் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று இருந்தேன்.

ரயிலில் போய், பிறகு படகில் கடலைத் தாண்டி அந்த ஊரில் இறங்கினோம். பழைய ஊர் என்றால் அப்படி ஒரு பழைய ஊர். கப்பலில் பாய் கட்டி ஓட்டிய காலத்தில் போட்ட தெருக்களை அப்படியே விட்டுவிட்டார்கள். தெரு அவ்வளவு குறுகல். எதிரெதிரே வரும் இரண்டு பூனைகளில் ஒன்று பெரிய மனது பண்ணினால்தான் போக்குவரத்து நடக்கும். எதிர்வீட்டில் உப்பு குறைவு என்றால் இந்த வீட்டில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் போட்டுவிடலாம்.

நாங்கள் தங்கிய லாட்ஜ் ஒரு காலத்தில் சரக்குக் கிட்டங்கியாக இருந்தது. சுவர் தடிமன் அதிகம். அறைவாசலில் நுழைந்து சுவரைக் கடந்து அறைக்குள் போய்ச் சேர்வதற்குள் செக்கர் ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறினாள். மாடி ஜன்னலுக்கு மேலே மூட்டை தூக்கும் உருளை இன்னும் இருந்தது. லாட்ஜ்காரர் எங்கள் பெட்டிகளை அதில் கயிறு கட்டித்தான் மேலே ஏற்றினார். "படி செங்குத்தா இருக்கும். நீங்களும் இதுலயே வந்துடறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் சரி என்று இடுப்பைக் காட்டினேன். செக்கர் கையைப் பிடித்து இழுத்துப் படியேற்றினாள்.

முதல் இரண்டு நாள் நான் தங்கம். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் நகர வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு முக்கில் கைவண்டியும் குப்பை லாரியும் முட்டிக்கொண்டன. வானத்தைப் பார்த்தேன். சாயங்காலம் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அத்தான் எப்படியிருக்கார்?"

"பரவால்லடி. இன்னும் ஒண்ணும் பண்ணல," என்றாள் செக்கர்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பின்னாலேயே ஏதோ சக்கரம் உருளும் சத்தம்.

இரண்டாம் நாள்தான் அந்தத் தொப்பியை வாங்கினாள். கோரையில் பின்னிய தொப்பி, தாடையில் கட்ட நாடா வைத்தது. அதன் நிழலில் ஒரு சின்னக் குடும்பம் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எப்படியிருக்கு?"

"கணக்கா இருக்கு."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

இது அவளுடைய பழைய குறை. நான் யாரையும் முகம் பார்ப்பதில்லை என்பாள். என்ன செய்வது? பின்படிக்கட்டில் நின்று பின்னந்தலைகளை எண்ணியே சம்பாதித்தவன் நான். சொந்த மாமனாரை ரோட்டில் எதிரே பார்த்தால் யாரோ என்று போய்விடுவேன். அவர் என்னைத் தாண்டிப் போனபிறகு திரும்பிப் பார்த்து, "அடடே, மாமா!" என்பேன்.

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். சாயங்காலம் கடைசிப் படகில் கிளம்ப வேண்டும். பெட்டிகளை லாட்ஜ்காரரே படகுத்துறைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் ஏறினோம். கைடு ஒரு இளம்பெண். டிரைவர் நல்ல டிரைவர். கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்பாத கழுத்து.

கோட்டை மதிலில் ஒரு பீரங்கியைக் காட்டினாள் கைடு. வாங்கிய நாளிலிருந்து ஒரே ஒருமுறைதான் சுட்டார்களாம். அந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாதாம். விழுந்ததைப் பார்த்தவர்கள் இல்லை என்றால் அது இன்னும் விழவில்லை என்றுதான் அர்த்தம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அந்த இடத்தில் நிழலாகப் பார்த்து நின்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கைடு மைக்கில் சொன்னாள். "இங்க காத்து பலமா இருக்கும். தொப்பி, துப்பட்டா எல்லாம் சீட்லயே வச்சுட்டு எறங்குங்க."

செக்கர் தொப்பியைக் கழற்றித் தன் சீட்டின் தலைப்பக்கத்தில் மாட்டினாள். தன் போனைச் சார்ஜில் போட்டு என் பைக்குள் வைத்தாள். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க வரலையா?"

"அவ்வளவு ஒசரத்துக்கா? வெளக்கேத்த சாயங்காலம் ஏறுற ஆளு மேல போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சு, அணைச்சுட்டு எறங்கறாராம். நீ போயிட்டு வா."

காலை நீட்டலாம் என்று கடைசி வரிசைக்குப் போய்ப் படுத்தேன். உண்ட மயக்கம். இன்ஜின் முனகல் வேறு தாலாட்டு மாதிரி. தூங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்தேன். வண்டி நின்றிருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் கழுத்து அதன் இடத்தில் இருந்தது. இதற்கப்புறம் நடந்ததில் எனக்குச் சம்பந்தம் கிடையாது. எல்லாம் உடம்பு செய்தது. கண் பின்னந்தலைகளை எண்ணியது. காலையில் ஏறும்போது பழக்கதோஷத்தில் எண்ணிய கணக்கு சரியாக வந்தது. கை ஜன்னலுக்கு வெளியே போய்த் தகரத்தில் இரண்டு தட்டு தட்டியது. வாய், "ரைட், போலாம்" என்றது.

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு முழு சர்வீஸ் இருந்தது. டிரைவர் கியரைப் போட்டார். ஆள் எண்ண வாயைத் திறந்த கைடுகூட, பெரியவர்கள் யாரோ எண்ணிவிட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். நான் மறுபடியும் தூங்கினேன்.

இரண்டாவது முறை விழித்தபோது பஸ் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. முன்னால் செக்கரின் தொப்பி தெரிந்தது.

"ஏம்மா, லைட்ஹவுஸ் எப்படியிருந்துச்சு?" என்றேன்.

பதில் இல்லை.

"தண்ணி குடிக்கறியா?"

அதற்கும் இல்லை. இந்த மௌனம் எனக்குப் பழக்கம்தான். எதற்கு என்று தெரியாவிட்டாலும் பொதுவாக ஒரு மன்னிப்பு கேட்டுவைப்பது என் வழக்கம்.

"சரி, தொப்பி வாங்கறப்ப நான் சரியாப் பாக்கல, ஒத்துக்கறேன். ரொம்ப நல்லாத்தான் இருக்கு உனக்கு. போதுமா?"

முன்சீட்டுக்காரர் ஒருவர் திரும்பி என்னையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு வளைவில் சட்டென்று திரும்பியது. என் மனைவியின் தலை கழன்று விழுந்து, நடுவழியில் உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

தூக்கிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முன்னால் ஓடினேன்.

"டிரைவர், வண்டியத் திருப்புங்க! ஒரு ஆளு விட்டுப் போச்சு!"

அந்தக் கழுத்து திரும்பவில்லை. "திருப்பறதா? இந்த ஊர்ல வண்டி ஒரு பக்கமாத்தான் சுத்தும் பெரியவரே. திருப்பணும்னா நாலு வீட்ட இடிக்கணும்."

கைடுக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, நான் எண்ணலையே! யாரோ 'ரைட்'னு சொன்னாங்களே! யாரு சார் சொன்னது?"

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் தொப்பியைப் பார்த்தேன்.

"சந்து வழியா நடந்தா குறுக்கால போயிடலாம்," என்றார் டிரைவர். "அம்மா கெடச்சதும் நேரா படகுத்துறைக்கு வந்துடுங்க. கடைசிப் படகு யாருக்காகவும் நிக்காது."

பையைத் தோளிலும் தொப்பியைக் கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். பாதி தூரத்தில் பைக்குள் போன் அடித்தது. தங்கை.

"அத்தான், அக்கா எங்க?"

"கடலப் பாத்துட்டு இருக்கா." அது பொய்யாக இருக்க முடியாது. அந்த ஊரில் எங்கே நின்றாலும் கடல்தான்.

"போன அவகிட்ட குடுங்க."

"கையெல்லாம் ஈரம்."

"யார் கை?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு, ஒண்ணும் கேக்கல," என்று வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப் திறக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

கலங்கரை விளக்கத்தின் காவலாளி கீழ்ப்படியில் உட்கார்ந்து கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"பச்சைப் பொடவை அம்மாவா? உச்சி வரைக்கும் ஏறினாங்களே. அங்க நிக்கறப்பத்தான் உங்க பஸ்ஸு கெளம்பிப் போச்சு."

"மேலேர்ந்து ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'அந்த ரெண்டு தட்டு காதுல விழுந்துச்சா? அது எங்க வீட்டுக்காரர். இனி வண்டி நிக்காது'ன்னாங்க."

செக்கர் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"எப்படிச் சொன்னாங்க? கோவமாவா, சிரிச்சுக்கிட்டா?"

அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. பல்லக் கடிச்ச மாதிரியும் இருந்துச்சு. எங்க வீட்லயும் அப்படித்தான், கண்டுபிடிக்க முடியாது. 'இந்த மனுஷன் கூட வந்து ஒரு கடையையும் ஒழுங்காப் பாக்கல, இப்பப் பாக்கறேன்'னு சொல்லிட்டு அந்தச் சந்து வழியாப் போனாங்க."

அந்தச் சந்தில் விழுந்தேன். அவள் போன வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊரே அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பூட்டுக் கடைக்காரர் தன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசியாக இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டுப் போனாளாம். தையல்காரர் ஒருவர் வாசலில் புது பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். இந்த இருட்டில் தைத்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டாளாம். எல்லாருமே, "இப்பத்தான் போனாங்க" என்றார்கள். எல்லாருமே கொஞ்சம் பயந்தும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தார்கள். எனக்கு அந்த முகம் தெரியும். நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

துறைமுகத்துக்குத் திரும்பும் முக்கில் ஒரு கயிற்றுக் கடை. கப்பல் கயிறு, படகுக் கயிறு என்று மலை மலையாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டேன்.

"அந்த அம்மாவா? டீ வாங்கிக் குடுத்தேன். ரொம்ப நேரம் உக்காந்து பேசிட்டிருந்தாங்க. ஒரு முடிச்சும் கத்துக்கிட்டாங்க."

"முடிச்சா?"

"'அவுக்கவே முடியாத முடிச்சு எது?'ன்னு கேட்டாங்க. 'யாரக் கட்டறதுக்கு?'ன்னேன். 'இன்னும் முடிவு பண்ணல'ன்னாங்க."

அந்த நேரம் படகுத்துறையில் சங்கு ஊதியது. கடைசிப் படகு. நான் ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம்தான். பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெட்டிகள் படகில் ஏறியிருந்தன. முன்வரிசை பெஞ்சில், கடலைப் பார்த்தபடி, பச்சைப் புடவை. பின்னந்தலையில் அதே கொண்டை. அப்பாடா என்று ஏறி, அவளுக்கு நேர்பின்னால் உட்கார்ந்தேன். படகு நகர்ந்தது.

எதிரே போய் நிற்கத் தைரியம் வரவில்லை. பின்னால் இருந்தபடியே மெதுவாக ஆரம்பித்தேன்.

"இந்தாம்மா, திரும்பாத. திரும்பினா எனக்குப் பேச்சு வராது. தப்பு என்னோடதுதான். தூக்கத்துல தட்டிட்டேன். அதுகூடப் பரவால்ல. நான் ஆளப் பாக்கல, தலைய எண்ணிட்டேன். உன் தொப்பியும் ஒரு தலைன்னு நெனச்சுட்டேன். ரயில்ல நீ ஜன்னலோரம் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்த இல்ல, அப்பத்தான் உன் மூஞ்சிய ஒழுங்காப் பாத்தேன். இத்தன வருஷமா இத எந்த வண்டியில ஏத்தி அனுப்பிட்டிருந்தோம்னு மனசு கேட்டுச்சு. சொல்லத் தெரியல, விட்டுட்டேன். பரீட்சையில நான் ஃபெயிலு, தெரியும். அடுத்த வருஷம் தங்கச்சியோடயே போ. ஆனா ஒண்ணு, ஜன்னலோரத்த அவளுக்கு விட்டுக் குடுத்துடாத."

அந்த அம்மா மெதுவாகத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ஐயா," என்றார் அவர், "நான் உங்க சம்சாரம் இல்ல. ஆனா நான் மன்னிச்சுட்டேன்."

நான் எழுந்து நின்றேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை. முதலில் தொப்பியை மனைவி என்று எண்ணினேன். இப்போது இன்னொருவர் மனைவியை. படகுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. படகுத்துறையின் மறுகோடியில், ஒரு கையில் கயிற்றுச் சுருளும் ஒரு கையில் கைப்பையுமாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பச்சைப் புள்ளி ஓடி வந்துகொண்டிருந்தது. வழியில் இன்னும் எந்தக் கடையில் நின்றாளோ. இந்தத் தடவை முகத்தைத்தான் பார்த்தேன். செக்கர்தான்.

கத்தியிருந்தால் இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது. அவள் கத்தவில்லை. நின்றாள். கைப்பையைத் திறந்தாள். எதையோ எடுத்து வாயில் வைத்தாள்.

ஒரு விசில்.

நீளமான, சுத்தமான, நடுவில் உடையாத விசில். நான்கூட என் நல்ல காலத்தில் அப்படி அடித்ததில்லை. அது காதுக்குள் போனதுதான் தாமதம், என் முதுகெலும்பு நிமிர்ந்தது. கை மேலே போனது. வாய் அதுவாகத் திறந்தது.

"ஹோல்டா...ன்!"

படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டார். அலையும் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். சற்று யோசித்தது.

"யாருய்யா அது?" என்றார் படகோட்டி. தன் கை தன்னைக் கேட்காமலே இன்ஜினை அணைத்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நின்ற பிறகு என்ன செய்வது? படகைப் பின்னால் கொண்டுவந்து கரையை ஒட்டி நிறுத்தினார். செக்கர் ஏறினாள். மூச்சு வாங்கியது. முகத்தில் வெயிலின் சிவப்பு. காவலாளி சொன்னது சரி: சிரிப்பா, பல்லைக் கடிப்பதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஹோல்டான்னு கத்தினது யாரு?"

படகில் இருந்த அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள். படகோட்டி மட்டும் அவசரமாக, "நான் இல்லம்மா" என்றார்.

அதற்குள் முன்வரிசைப் பச்சைப் புடவை அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரும்மா."

"உங்ககிட்டயா? எதுக்கு?"

"உங்களுக்குக் கேக்க வேண்டியது, எனக்கு வந்துடுச்சு." பிறகு நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஜன்னலோரம் வந்தபோது அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது. என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்பது ஒரு காரணம்தான்.

படகு கிளம்பாமல் நின்றது. படகோட்டி சுக்கானைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, போலாமா?"

என் நாக்கின் நுனியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது. சர்வீஸில் இருந்த காலம் முழுவதும் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. பல்லை இறுக்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னக் கேக்காதீங்க," என்றேன். "அவங்களக் கேளுங்க."

செக்கர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விசிலை வாயில் வைத்தாள்.

இரண்டு விசில்.

படகு கிளம்பியது.

என் பைக்குள் போன் அடித்தது. அவளே எடுத்துக் காதில் வைத்தாள். தங்கையின் குரல் எனக்கும் கேட்டது. "என்னக்கா ஆச்சு? அத்தான் ஏதாவது பண்ணினாரா?"

"பண்ணினார்."

"பண்ணிட்டாரா!" அந்தப் பக்கம் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமாடி. அந்தச் சக்கரம் வச்ச பெட்டி இருக்குல்ல, அத அத்தானுக்குக் குடுத்துடு. அடுத்த வருஷம் அவருக்குத் தேவப்படும். இவர தனியா விட்டா ஊரு ஊரா போயி யாருயாருகிட்டயோ மன்னிப்புக் கேட்டுட்டு இருப்பாரு."

போனை வைத்துவிட்டு என் கையிலிருந்த தொப்பியை வாங்கினாள். தன் தலையில் வைப்பாள் என்று பார்த்தால் என் தலையில் வைத்தாள்.

"எனக்கெதுக்கும்மா?"

"இனிமே உங்க தலை எங்க இருக்குன்னு எனக்குத் தூரத்துலயே தெரியணும். அசையாதீங்க." கயிற்றுச் சுருளிலிருந்து கொஞ்சம் கயிறு எடுத்து, நாடாவோடு சேர்த்து என் தாடைக்குக் கீழே அந்த முடிச்சைப் போட்டாள். கட்டி முடித்துத் தள்ளி இருந்து பார்த்தாள்.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"கணக்கா இருக்கு," என்றாள்.

கயிற்றுக் கடைக்காரர் நாணயமானவர். நாங்கள் ஊர் திரும்பி வெகுநாள் ஆகிவிட்டது. முடிச்சு இன்னும் அவிழவில்லை. தூங்கும்போது மட்டும் தலையணையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் தாளின் மேல் அதன் நிழல்தான் விழுகிறது.